பூசையில் வாசிக்கப்பட்ட என் பெயர்

முதல் அறிகுறி என்று பெரிதாக ஒன்றைச் சொல்லித் தொடங்க எனக்கும் ஆசைதான். ஆனால் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, உடம்பு மெலியவும் இல்லை. மாதவிலக்கு நின்று வெகுநாள் ஆன பிறகு எப்போதாவது ஒரு சொட்டுக் கறை படும். அலசிக் காயப்போட்டுவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்துவிடுவேன். சூடு என்று நானே பெயர் வைத்து, வெந்தயமும் மோரும் குடித்து நானே வைத்தியமும் பார்த்துக்கொண்டேன்.

நான் தையல் வேலை செய்கிறவள். ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கே, கடற்கரைக்குப் போகும் பக்கத்தில் எங்கள் ஊர். ஊரில் முக்கால்வாசிப் பெண்களின் ரவிக்கை அளவு எனக்கு மனப்பாடம். யார் மெலிந்திருக்கிறார்கள், யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்பது அவரவர் மாமியாருக்குத் தெரியும் முன்பே என் டேப்புக்குத் தெரிந்துவிடும். என் உடம்பைப் பற்றித்தான் ஒன்றும் தெரிந்துவைத்திருக்கவில்லை.

எங்கள் மாதா கோவிலில் பெண்கள் சபைக்கு நான் தலைவி. ஈஸ்டருக்கு முன் நாற்பது நாள் நோன்பிருக்கும் தவக்காலத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் அறிவிப்பு செய்தார். பக்கத்து மறைக்கல்வி அறையில் பெண்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை. நர்ஸ் படிப்பு படித்த சிஸ்டர் ஒருவரும் அரசு டாக்டரம்மா ஒருவரும் வந்திருக்கிறார்கள். வலி இல்லை, பயப்பட வேண்டாம் என்றார். அறிவிப்பு முடிவதற்குள் பெண்கள் வடக்கு வாசல் வழியாகக் கரைந்துவிட்டார்கள். தேர்த் திருவிழாவில் பந்திக்கு முந்துகிறவர்கள்கூட அன்று அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று ஓடினார்கள்.

சிஸ்டர் அறை வாசலில் தனியாக நின்றார். மேசைக்கு வெள்ளை விரிப்பு விரித்து, ஜன்னலுக்குச் சேலையைக் கட்டி மறைத்து, எல்லாம் தயாராக வைத்திருந்தார். சபைத் தலைவி நானும் நழுவினால் நன்றாக இருக்காது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் உள்ளே போனது நோய்க்குப் பயந்து இல்லை. அந்த சிஸ்டரின் முகத்துக்காக.

செய்தது இவ்வளவுதான். கர்ப்பப்பையின் வாயில் வினிகர் போன்ற ஒரு திரவத்தைத் தடவிச் சற்று நேரம் பார்க்கிறார்கள். கெட்டுப்போன தோல் இருந்தால் அந்த இடம் வெள்ளையாக மாறும். ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைக்கும் நேரம்கூட ஆகவில்லை. எனக்கு வெள்ளையாக மாறியது.

பிறகு புதுக்கோட்டைக்குப் போய் பயாப்சி (சதையில் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது), ஸ்கேன் எல்லாம் எடுத்தோம். முடிவைச் சொன்ன டாக்டரம்மா என் மகள் ஷீலாவைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார்.

"கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ம்மா. முதல் கட்டம். இன்னும் வெளிய பரவல. கர்ப்பப்பைய எடுத்துட்டா அதோட போயிரும்."

"கொஞ்சம் தள்ளிப் பண்ணலாங்களா? எவ்வளவு நாளுக்குத் தாங்கும் டாக்டர்?"

"ஐஸ்ல வச்ச மீனாம்மா அது, இத்தன நாளுக்குத் தாங்கும்னு நான் சொல்ல? தள்ளிப் போடாதீங்க."

எனக்கு ஏன் தள்ளிப் போட வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஷீலாவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். தவக்காலத்தில் எங்களில் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் கழித்து நாள் குறித்திருந்தது. மாப்பிள்ளை வீடும் எங்கள் ஊர்தான், பின் தெரு. தாய்க்குப் புற்று என்று தெரிந்தால், மகளுக்கும் வரும் என்று நாலு பேர் பேசமாட்டார்களா? இது ஒரு வைரஸ் கிருமியால் வருவது, தாயிடமிருந்து மகளுக்குச் சொத்து போல இறங்குவது இல்லை என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். எனக்குப் புரிந்தது. ஊருக்கு யார் புரியவைப்பது?

கல்யாணம் முடியட்டும், பிறகு ஆஸ்பத்திரி என்று முடிவெடுத்தேன். ஷீலாவிடம்கூடச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் சூசைக்கு மட்டும் தெரியும். அவர் கட்டுமாவடியிலிருந்து மீன் ஏற்றிப்போகும் வண்டி ஓட்டுகிறவர். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று பைபிளில் கை வைக்கச் சொல்லி வாக்கு வாங்கினேன். ஆனால் அந்த நாட்களில் ராத்திரி படுத்தால், உள்ளே ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பு என்னை உறங்கவிடவில்லை. எனக்குச் சாகப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தைவிட மகள் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் ஒரு பிடி கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

சூசை வாக்குத் தவறவில்லை. அவர் செய்தது வேறு. கோவிலில் உபதேசியாரிடம் போய் (பூசைக்கு வேண்டிய காரியங்களைக் கவனிப்பவர்) எனக்காக ஒரு பூசைக் கருத்து கொடுத்தார். இன்னாருக்காக இந்தப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று பூசை தொடங்கும் முன் மைக்கில் வாசிப்பார்களே, அதுதான். நாலைந்து பாட்டிமார் மட்டும் வரும் வாரநாள் பூசைக்குத்தான் அவர் கேட்டிருக்கிறார். உபதேசியார் நல்ல மனுஷர். இவ்வளவு பெரிய நோய்க்கு நாலு பேர் செபித்தால் போதுமா, ஊரே சேர்ந்து செபிக்கட்டும் என்று அதை ஞாயிறு பூசைக்கு மாற்றிவிட்டார்.

ஞாயிறு காலை. கோவில் நிறைந்திருந்தது. மைக் ஒரு கத்து கத்தி அடங்கியது. "கிழக்குத் தெரு சூசை மனைவி ரீத்தா, கர்ப்பப்பைப் புற்றுநோயிலிருந்து பூரண சுகம் பெற வேண்டி, கணவர் ஒப்புக்கொடுக்கும் திருப்பலி" என்று உபதேசியார் நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

பக்கத்தில் இருந்த ஷீலா என் கையைப் பிடித்தாள். நான் பீடத்தைப் பார்க்கவில்லை, மாதாவைப் பார்க்கவில்லை. தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சம்பந்தி லூர்துமேரியைப் பார்த்தேன். பூசை நடுவில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தது. ஊரே என் பக்கம் திரும்பிக் கும்பிட்டது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லூர்துமேரி மட்டும் திரும்பவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஷீலா அழுதாள். நான் சூசையைப் பிடித்துக்கொண்டேன்.

"யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னனா இல்லையா?"

"சாமிகிட்டதான் சொன்னேன்."

"பேரு, தெரு, சீக்கு எல்லாத்தையுமா சொல்லுவீங்க?"

"நம்ம ஊர்ல ரீத்தா மூணு பேரு இருக்கீக. வெவரமாச் சொல்லலன்னா எப்புடி?"

ஆண்டவருக்கே விலாசம் எழுதிக் கொடுத்த மனுஷரை என்ன செய்வது. அன்று ரசத்துக்கு உப்புப் போடவில்லை. அவரும் கேட்காமல் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்து வந்த நாட்களில் ஒன்று நடந்தது. பெண்கள் ரவிக்கைத் துணியோடு வரத் தொடங்கினார்கள். தவக்காலத்தில் யாரும் புதுத்துணி தைப்பதில்லை. எனக்கு அது வேலை இல்லாத காலம். ஆனாலும் ஒவ்வொருத்தியாக வந்தாள். அளவு மாறியிருக்கும், எடுங்கள் என்று கதவைச் சாத்திக்கொள்வாள். நான் டேப்பைத் தோளில் வைத்ததும் மெதுவாகப் பேச்சு வரும்.

"அக்கா, அது வலிக்குமா?"

"எது?"

"அதான்க்கா. அந்த ரூம்ல பாத்தாங்கள்ல."

வலிக்காது, கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பெண்கள்தான் பார்ப்பார்கள் என்று சொல்வேன். வேற்று ஆம்பளை எட்டிப் பார்க்க முடியாதபடி சிஸ்டர் சேலை கட்டியிருந்ததையும் சொல்வேன். மேலத் தெருவிலிருந்து வந்த செல்வி, "நாங்க கோயிலுக்கு வாரவங்க இல்லையேக்கா, எங்களுக்கும் பாப்பாங்களா?" என்று கேட்டாள். கர்ப்பப்பைக்கு என்னடி மதம் என்றேன். அத்தனை கவலைக்கு நடுவிலும் இருவரும் சிரித்தோம்.

லூர்துமேரி வரவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு சேதியும் இல்லை. கட்டுமாவடிக் கரையில் மீன் ஏலத்தில் நின்று பத்து ஆண்களோடு விலை பேசி ஜெயிக்கிறவர் அவர். சம்பந்தம் வேண்டாம் என்றால் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். ஒரு மதியம் வந்தார். கையில் துணி இல்லை.

ஷீலாவைக் காபித்தூள் வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டு, என் மெஷின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மதினி, எனக்கு ஒரு வருசமாப் படுது" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"ரத்தம். இப்ப வாடையும் இருக்கு. கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா, சீக்காளி மாமியாருக்குப் பண்டுவம் பாக்கவா பொண்ணு குடுத்தோம்னு நெனப்பீங்கள்ல?"

நான் மெஷினை விட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"அன்னைக்கிப் பூசையில ஒங்க மொகத்தப் பாக்க முடியல. ஒங்களுக்காக ஊரே மன்றாடுது. எனக்குன்னு யாரு மன்றாடுவாங்கன்னு தோணுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. இரண்டு தாய்மார், ஒருத்திக்குப் பயந்து ஒருத்தி, ஒரே நோயை ஒரே கல்யாணத்துக்காகச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறோம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்தைத் தள்ளிவைப்போம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

எனக்குப் பெரிய அறுவை. கர்ப்பப்பையையும் சுற்றியுள்ள திசுவையும், சில நிணநீர் முடிச்சுகளையும் (கிருமிகளை வடிகட்டும் சிறு கணுக்கள்) எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதித்துவிட்டு, ஓரங்கள் சுத்தம், முடிச்சுகளில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டரம்மா. அந்த வார்த்தையைக் கேட்க ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது சூசை என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. ரசத்துக் கோபம் அன்று தீர்ந்தது.

லூர்துமேரிக்கு அவ்வளவு சுலபமாக இல்லை. புதுக்கோட்டையில் பரிசோதித்ததில் அவருக்கும் அதே நோய்தான், ஆனால் அது கர்ப்பப்பையைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்கு வந்திருந்தது. அறுவை செய்யும் கட்டம் கடந்துவிட்டது. தஞ்சாவூரில் தங்கிக் கதிர்வீச்சும் (நோயுள்ள இடத்தைக் கதிரால் சுடுவது), கூடவே கீமோவும் (புற்று அணுக்களை அழிக்கும் மருந்தை நரம்பில் ஏற்றுவது) எடுத்தார். வயிற்றுப்போக்கில் சுருண்டார். குரல் மட்டும் குறையவில்லை. வார்டில் எல்லோரையும் அதட்டிச் சாப்பிட வைத்தார் என்று கேள்வி. குணமாகும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஒரு வருஷம் முன்பே வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து கல்யாணம் நடந்தது. லூர்துமேரிக்குத் தைத்த ரவிக்கையை இரண்டு முறை பிரித்து உள்ளே பிடித்தேன். மணமக்களுக்கு இரண்டு பக்கமும் நிற்க வேண்டிய நாங்கள் இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, எல்லாம்தான் மைக்கில் வாசித்தாகிவிட்டதே.

இப்போது எங்கள் கோவிலில் பரிசோதனை நாளை மைக்கில் மட்டும் அறிவிப்பதில்லை. வீடு வீடாகக் கூடிச் செபிக்கும் கூட்டங்களில், செபம் முடிந்து சுண்டல் கொடுக்கும்போது ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு நானே பேசுகிறேன். மாதா பிள்ளை பெற்றவள்தானே, அவளுக்கு முன்னால் பேச என்ன வெட்கம் என்பேன். பரிசோதனை அன்று பெண்கள் இருவர் இருவராக வருகிறார்கள். தனியாக வரச் சொன்னால் யாரும் வருவதில்லை. அநேகமாக எல்லோருக்கும் ஒன்றும் இல்லை என்றுதான் வருகிறது. உபதேசியாரும் நோய்க்கான பூசைக் கருத்து என்றால், பெயரைச் சொல்லலாமா, நோயைச் சொல்லலாமா என்று கேட்ட பிறகே வாங்குகிறார்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது என் நிலை வந்திருந்தால் ஒன்றைச் சொல்கிறேன். அறுவைக்குப் பிறகு உடம்பு பழையபடி திரும்பும் என்று காத்திருக்காதீர்கள். அது வேறு உடம்பாகத்தான் வரும். எனக்குச் சிறுநீர் முட்டும் உணர்வு சரியாகத் திரும்பவில்லை. அங்கே போகும் நரம்புகள் அறுவையில் அடிபட்டுவிடும் என்றார்கள். அதனால் கடிகாரம் பார்த்து எழுந்து போகிறேன். மெஷினில் பாதித் தையலில் இருந்தாலும், கூட்டத்தில் பாதிப் பேச்சில் இருந்தாலும், நேரமானால் எழுந்துவிடுவேன். முன்பெல்லாம் எல்லோர் வேலையும் முடிந்த பிறகுதான் என் முறை. இப்போது என் உடம்பு தன் முறையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அதுவும் நல்லதுக்குத்தான் என்று படுகிறது.

மறுபரிசோதனைக்கு நானும் லூர்துமேரியும் ஒரே நாளில் புதுக்கோட்டைக்குப் போகிறோம். போன முறை இருவருக்கும் நல்ல பதில். திருக்கோகர்ணம் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால் டவுன் பஸ்ஸில் அதுவரை போய்விட்டுத் திரும்பினோம். ஊர் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். காற்று நன்றாக வந்தது. பாதி வழி வரைக்கும் அவர் கண்ணை மூடியிருந்தார், களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அறந்தாங்கி தாண்டியதும் கண்ணைத் திறந்து சொன்னார்: "மதினி, அடுத்த தடவ ஜன்னல் பக்கம் எனக்கு."