பதின்மூன்று கையெழுத்துகள்

1986 தை மாதம் பத்மாசனி தீவுப்பகுதி வைத்தியர் சங்கத்துக்குத் தலைவியானார். அந்தப் பதவிக்கு அவர் ஆசைப்பட்டதில்லை. சங்கத்தில் பதினான்கு பேர். ஐந்து பேர் இங்கிலீஷ் மருத்துவம், ஒன்பது பேர் நாட்டு வைத்தியம். ஒரு பக்கத்தார் நிறுத்தும் ஆளை மற்றப் பக்கத்தார் ஏற்கமாட்டார்கள். பத்மாசனி புளியங்கூடலில் அரசாங்க மருந்தகத்தைப் பதினெட்டு வருஷமாக நடத்தி வந்தவர். அவருடைய தகப்பனாரோ நாட்டு வைத்தியர்.

"டொக்டரம்மா ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆள்" என்று செயலாளர் பரமலிங்கம் எழுந்து சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை. பத்மாசனிக்கு ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் நோ, கணவரும் இல்லாத வீடு. இவை இருந்தும், மறுத்துச் சொல்ல அவருக்கும் அன்றைக்கு ஒரு காரணம் வாயில் வரவில்லை.

வருஷத்தின் முக்கால்வாசி கடிதம் எழுதுவதிலேயே போயிற்று. சித்திரையில் கூட்டம் வைத்தார், நாலு பேர் வந்தார்கள். ஆவணியில் வைத்தார், நெடுந்தீவில் இருந்து படகு வரவில்லை. வந்த மூன்று பேரும் கூட்ட அறிவித்தலில் யாருடைய பெயர் முதலில் இருக்க வேண்டும் என்று இரண்டு மணித்தியாலம் வாதாடினார்கள். பத்மாசனி கதிரையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்று காலையிலும் அவர் எழுபது நோயாளரைப் பார்த்திருந்தார்.

கார்த்திகை மழையில் கிணறுகளுக்குள் வெள்ளம் இறங்கியது. வயிற்றோட்டம் ஊர் ஊராகப் பரவிற்று. மருந்தகத்துக்குத் தூக்கி வந்த பிள்ளைகள் பலர் நாக்கு வறண்டு, கண் குழி விழுந்து கிடந்தார்கள். "தண்ணி குடுத்தனீங்களோ?" என்று கேட்டால், "இல்லை அம்மா, வைத்தியர் குடுக்கவேண்டாமெண்டவர்" என்றார்கள் தாய்மார்.

பத்மாசனி ஒரு தாளில் நாலு வரி எழுதினார். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சீனியும் கலந்து, வயிற்றால் போகப்போகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை எல்லா வைத்தியரும் தங்கள் ஊரில் சொல்ல வேண்டும். கூட்டம் கூட்டினால் ஆள் வராது என்று தெரியும். ஆகவே தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தானே புறப்பட்டார்.

முதலில் போனது பக்கத்து ஊரான சுருவிலுக்கு. அங்கே நாட்டு வைத்தியர் ஏரம்பு மரியாதையாக எழுந்து நின்று, தேத்தண்ணி கொடுத்து, பத்மாசனி வாயால் சொன்னதைக் கேட்டு, தாளை வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். "தலைவி சொன்னால் சரிதானே அம்மா." அந்தச் சொல் பத்மாசனிக்கு ஆறுதலாக இருந்தது. மற்ற ஊர்களில் ஒவ்வொருவரிடமும் ஒரு மணித்தியாலம் பேச வேண்டியிருந்தது. பத்து நாளில் அவருடையதோடு சேர்த்துப் பதின்மூன்று கையெழுத்துகள் ஆயின.

மிச்சம் நயினாதீவில் சண்முகரத்தினம். எழுபது வயது, பரம்பரை வைத்தியர். முந்தின வருஷம் கடலில் நடந்த கொலைகளுக்குப் பிறகு படகேறுவதென்றால் எல்லோருக்கும் பயம். பத்மாசனி குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி, கரை சேரும்வரை பலகையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்.

சண்முகரத்தினம் தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "நீர் படிச்ச பிள்ளை. ஆனா வயித்தாலை போறவைக்குத் தண்ணி குடுத்தால் இன்னும் போகுமெண்டுதான் என்ரை அப்பர் சொல்லித் தந்தவர். என்னாலை இதிலை கையெழுத்து வைக்க ஏலாது."

"என்ரை அப்பாவும் அப்பிடித்தான் சொன்னவர், ஐயா. அவர் பிழை விட்டவர்."

விறாந்தையில் ஒரு தாய், வயிற்றோட்டத்தில் துவண்ட நாலு வயதுப் பெண் பிள்ளையை மடியில் போட்டபடி மருந்துக்குக் காத்திருந்தாள். பத்மாசனி சண்முகரத்தினத்தைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்கு நான் குடுக்கட்டோ?" என்று கேட்டார். கிழவர் சரியென்று தலையை மட்டும் ஆட்டினார். பத்மாசனி குசினியில் தண்ணீர் கொதிக்கவைத்து ஆற்றிக் கலந்து, நிலத்தில் உட்கார்ந்து, கரண்டி கரண்டியாகப் பருக்கினார். குடித்ததைப் பிள்ளை சத்தி எடுத்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடுத்தார். மத்தியானம் கழிந்தபோது பிள்ளை சிறுநீர் கழித்தது; உடம்பில் தண்ணீர் சேரத் தொடங்கியிருந்தது. பிறகு கண் திறந்து தாயைக் கூப்பிட்டது. சண்முகரத்தினம் இடத்தை விட்டு அசையாமல் எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"கையெழுத்து வைக்கமாட்டன்" என்றார் கடைசியில். "ஆனா என்னட்டை வாறவைக்கு இதைக் கலக்கிக் குடுக்கச் சொல்லுவன்."

கடைசிப் படகில் திரும்பும்போது பத்மாசனிக்கு எரிச்சலாகவே இருந்தது. பதினான்காவது இடம் வெறுமையாகக் கிடந்தது.

மார்கழி முடிய மழையும் நோயும் குறைந்தன. நயினாதீவில் ஒரு பிள்ளையும் சாகவில்லை. சுருவிலில் இரண்டு பிள்ளைகள் செத்தன.

தை மாத ஆண்டுக் கூட்டத்துக்கு எட்டுப் பேர் வந்தார்கள். பத்மாசனி அறிக்கை வாசித்தார். சுருவில் மரணங்களை ஒரே வரியில் சொல்லித் தாளைப் புரட்டினார். "இனி வேறை ஆரையும் பாருங்கோ. எனக்கு ஏலாது" என்றார். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். வேறு ஆள் கிடைக்கும்வரை அவரே தொடர்வார் என்று பரமலிங்கம் புத்தகத்தில் எழுதினார். பத்மாசனி தடுக்கவில்லை. தடுப்பதற்கும் பேச வேண்டுமே.

கூட்டம் கலைந்த பிறகு ஏரம்பு மட்டும் நின்றார்.

"அம்மா, நீங்கள் அண்டைக்குச் சொன்னதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கேட்டால் சொல்லுவமெண்டு இருந்தனான்."

பத்மாசனிக்கு அவரை ஏச வேண்டும் போல இருந்தது. ஏசுவதற்கு உடம்பில் பலம் இல்லை. நானும் கையெழுத்தை எண்ணிக்கொண்டு திரிந்தேனே தவிர, ஒரு தரமாவது சுருவிலுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேனா என்ற நினைப்பும் வந்தது.

"ஞாயிற்றுக்கிழமை வாறன். நீங்களும் என்னோடை வாங்கோ. வீடு வீடாய்ப் போவம்."

போனார்கள். வெயில் ஏறுமுன் பதினொரு வீடு முடிந்தது. பன்னிரண்டாவது, பிள்ளை செத்த வீடு. ஏரம்பு வாசல் படலையிலேயே நின்றுவிட்டார். பத்மாசனி உள்ளே போய், இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தபடியால், அங்கேயும் அதே நாலு வரியைச் சொன்னார். தாய் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "இதை அப்பவே ஆரும் சொல்லியிருக்கலாமே அம்மா."

பத்மாசனி வாய் திறக்குமுன் படலைப் பக்கம் இருந்து குரல் வந்தது.

"நான்தான் சொல்லேல்லை, பிள்ளை. எனக்குத் தெரியும். நான் சொல்லேல்லை."

அந்தப் பெண் அவரைப் பார்க்கவும் இல்லை, அழவும் இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு பத்மாசனி குடையை விரித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். ஏரம்பு இந்த முறை அவருக்கு முன்னாலே போய்ப் படலையைத் தட்டினார்.