நிறம் பார்ப்பவள்

இணையத்தில் துணி விற்கும் கடை ஒன்றில் பதினோரு வருடமாக அவளுக்கு ஒரே வேலை: துணியின் நிறமும் படத்தின் நிறமும் ஒன்றுதானா என்று பார்ப்பது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். யார் எந்த வெள்ளையைக் கொண்டுவந்தாலும் அதில் ஒரு மஞ்சளைக் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால், ஆபீஸில் அவளுக்குக் காமாலைக்கண் என்று பட்டப்பெயர்.

பிரவுசர்களுக்கோ, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நிறத்தை இப்படிக் காட்டு என்று படத்தோடு ஒரு குறிப்பு ஒட்டியிருக்கும். ஒரு பிரவுசர் அதைப் படித்து நடக்கும். இன்னொன்று ஏறெடுத்தும் பார்க்காமல் தன் இஷ்டத்துக்கு மங்கலாகக் காட்டும். அதனால் எல்லா பிரவுசரும் ஒன்றுபோலக் காட்டும் பொதுவான நிறத்துக்கு மாற்றித்தான் அவள் எந்தப் படத்தையும் வெளியே விடுவாள்.

மாற்றாமல் அனுப்பியது ஒரே ஒரு படம். புருஷன் கல்லீரல் கெட்டு இறந்த மூன்றாம் வாரம், நாத்தனார் தன் தம்பியின் படம் ஒன்று கேட்டாள். அவன் கேமராவில், இறப்பதற்கு ஐந்து மாதம் முன்பு நண்பன் எடுத்தது ஒன்று இருந்தது. திறந்துகூடப் பார்க்காமல் அதை அப்படியே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை ஆபீஸுக்கே போன் வந்தது.

"மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துக் கெடக்கே. அப்பவே அவனுக்கு முடியல. கூடவே இருந்த உனக்கு இது தெரியலையாம்மா?"

நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

"உங்க கம்ப்யூட்டர் பழசு அண்ணி. அதுல இருக்கற பிரவுசர் நிறத்த மாத்திக் காட்டுது. அவர் அப்ப நல்லாத்தான் இருந்தாரு. சரியா மாத்தி அனுப்பறேன், பாருங்க."

"பழிய தூக்கி பிரவுசர் மேல போடு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. மூன்று வாரமாக எதுவுமே வரவில்லை. மரத்துப்போன கால் மாதிரி இருந்தது மனசு. வேலை மட்டும் தெரிந்தது, அதைச் செய்தாள்.

படத்தை இரண்டு பிரவுசர்களில் பக்கத்தில் பக்கத்தில் திறந்தாள். குறிப்பைப் படிக்காததில் முகம் சாம்பலாக இருந்தது. படித்ததில் கன்னத்தில் ரத்தம் ஓடியது. அவள் நாத்தனாரிடம் சொன்னது சரிதான். பழக்கதோஷம், கண் வெள்ளையைத் தேடியது. சட்டை நீலம். பல் தெரியாத சிரிப்பு. மிச்சம் விழிகள்தான். பெரிதாக்கினாள்.

மஞ்சள். மங்கிய படத்தில் அது கரைந்து போயிருந்தது, சரியான நிறத்தில் தெரிந்தது. லேசான மஞ்சள்தான். ஆனால் இதைவிட லேசானதற்கே அவள் துணிப் படங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

வீட்டில் எப்படித் தெரியாமல் போனது? பார்த்தால்தானே தெரிய. நாளெல்லாம் நிறம் பார்த்த அலுப்பில், வீட்டுக்கு வந்ததும் அவன் முகத்தைப் பார்க்காமலே "சாப்டீங்களா" என்று கேட்பாள். அவனும் சாப்பிட்டேன் என்பான்.

அந்த மஞ்சளை எடுக்க அவளுக்கு இரண்டு நொடி ஆகாது. எடுக்கவில்லை. பொதுவான நிறத்துக்கு மட்டும் மாற்றி அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் மறுபடி போன். நாத்தனாரின் குரல் இளகியிருந்தது.

"நீ சொன்னது சரிதாம்மா. எவ்வளவு நல்லா இருக்கான். நான்தான் அவசரப்பட்டு வாய விட்டுட்டேன், மனசுல வெச்சுக்காத."

"கண்ணப் பாத்தீங்களா அண்ணி?"

"பாத்தேனே. அதே சிரிக்கிற கண்ணு."

"சரி அண்ணி," என்று போனை வைத்தாள்.

அடுத்த படம் ஒரு வெள்ளைச் சட்டை. மஞ்சள் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. குறைத்தாள்.