ஆந்தைகளின் கடைசி நிறுத்தம்

எங்கள் பள்ளியில் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் வெயில் டீச்சர். கணக்குப் பாடம் எடுக்கிறவள். மற்ற கணக்கு டீச்சர்கள் கரும்பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவள் மட்டும் வகுப்பைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவாள். ஓய்வறையில் அவளுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. நான் மொழிப்பாடம். கணக்கு என்றாலே எனக்கு எட்டிக்காய், அதனால் அவளைச் சீண்டாமல் எனக்குப் பொழுது போகாது.

"வட்டத்தை நாலு சுவத்துக்குள்ள வச்சு எப்படிக்கா புரியவைக்கிறது?" என்பாள்.

"பலகையில வரைஞ்சா வட்டம் வட்டமா வராதா? வெயில்ல காஞ்சு வத்தலாகணும்னு உனக்கு என்ன தலையெழுத்து?"

அவளுடைய முறை இதுதான். போனில் ஒரு செயலி, அதில் ஊர் வரைபடம். வரைபடத்தில் சில இடங்களை நிறுத்தங்களாகக் குறித்துவைப்பாள்: தபால் நிலையத்தின் சாய்தளம், நூலகத் தூண், பாலத்துக் கைப்பிடி, பூங்காவில் பெரிய மரத்தைச் சுற்றிக் கட்டிய வட்ட பெஞ்சு. நிறுத்தத்துக்கு ஒரு கணக்கு. குழுவுக்கு ஒரு போன், யாராவது வீட்டிலிருந்து கொண்டுவருவது. விடையைத் தட்டினால் சரிக்குப் பச்சை, தப்புக்குச் சிவப்பு. எந்தக் குழு எங்கே நிற்கிறது என்று அவள் கணினியில் புள்ளிகளாகத் தெரியும். எல்லா நிறுத்தத்தையும் முடித்த குழுவின் புள்ளி மறைந்துவிடும்.

டேப் கொடுக்கமாட்டாள். கைதான் அளவுகோல். கிளம்பும் முன் குழுவில் ஒருவர் தன் சாணை ஸ்கேலில் வைத்துப் பார்த்து அந்த அளவைச் செயலியில் பதிய வேண்டும். பிறகு எத்தனை சாண் என்று எண்ணிப் போட்டால் போதும். பெருக்குவதும், அவள் முன்கூட்டியே அளந்துவைத்த நீளத்தோடு ஒத்துப்பார்ப்பதும் செயலியின் பாடு.

ஆந்தைகள் என்று ஒரு குழு. அதற்குச் சாண் கொடுத்தவள் வகுப்பிலேயே சின்னக் கைக்காரி. போனும் அவள் வீட்டுடையதுதான். பதினாறு சென்டிமீட்டர். "இது சாணா, அரைச்சாணா?" என்று பையன்கள் கேலி செய்தார்கள். "அரைச்சாணா இருந்தா ரெண்டு தடவை வச்சுட்டுப் போறேன், உனக்கென்ன?" என்று அவள் திருப்பிக் கொடுத்ததை வெயில் டீச்சர் ஓய்வறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். அந்தப் பெண் சறுக்கவே இல்லை. போன இடமெல்லாம் பச்சை. மற்ற குழுக்கள் முடித்துவிட, இவர்களுக்கு வட்ட பெஞ்சு மட்டும் பாக்கி இருந்தபோது மழை கொட்டிவிட்டது. நனைந்து சொட்டச் சொட்ட எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

அந்த வாரமே அந்தச் சின்னக் கைக்காரிக்குக் காய்ச்சல் கண்டது. அடுத்த வாரம் அவள் இல்லை.

மழைக்கு முன்பே நோய் ரத்தத்தில் இருந்தது, நனைந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். யாரும் டீச்சரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் மனசாட்சிக்கு மருத்துவர் சொன்னது எட்டவில்லை. துக்கம் விசாரிக்க நானும் அவளும்தான் போனோம். தெருமுனை வரை வந்தவள், அந்த வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் திரும்பி நடந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வகுப்பை வெளியே கூட்டிப்போகவில்லை. ஜன்னலைக்கூடச் சாத்திவிட்டுப் பாடம் நடத்தினாள். எனக்கு அவளைச் சீண்ட மனம் வரவில்லை.

ஆண்டு முடியப்போகிற சமயம். பழைய பதிவையெல்லாம் செயலியில் மூடச் சொல்லித் தலைமையாசிரியை உத்தரவு போட்டார். மூடினால் எல்லாம் அழிந்துவிடும். பள்ளி விட்ட பிறகு வெயில் டீச்சர் கணினியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இங்க பாருங்க."

வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி. ஆந்தைகள். பூங்காவில், வட்ட பெஞ்சின் மேல். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சிவப்பு விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சிவப்பு. நானும் பயந்துதான் போனேன். பொய் சொல்வானேன்.

"போனை யாருக்காவது வித்திருப்பாங்க. வாங்கினவன் கை பட்டிருக்கும்" என்றேன்.

"வாங்கினவன் ஏங்க்கா அந்த பெஞ்சுக்கே போறான்?"

மறுநாளும் பொழுது சாயும் நேரத்துக்குப் புள்ளி வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. பெஞ்சைச் சுற்றி மெல்ல ஊர்ந்து, சிவப்பு வாங்கி, மறுபடி முதலிலிருந்து ஊர்ந்தது. அவள் பதிவை மூடவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, தொடாமலே மூடினாள். சாயங்காலமானால் கணினி முன்னால் காத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"பைத்தியமா உனக்கு? எட்டாங்கிளாஸ் கணக்கை முடிக்கப் பேய் வருமா? பேய்க்கு வேற வேலை இல்லையா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "பேயா இருந்தா பரவாயில்லக்கா. அவங்க அம்மாவா இருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பயந்தது செத்தவளுக்கு அல்ல. பெற்றவள் ஒருநாள் நிமிர்ந்து, "என் பிள்ளைய ஏன் மழையில விட்டே?" என்று கேட்டுவிடுவாளோ என்றுதான். யாரும் கேட்காத அந்தக் கேள்வி இத்தனை நாள் டீச்சரின் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பூங்காவில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மரத்தடியில், பேருந்து நடத்துநர் சீருடையில் ஒரு பெண் முழங்காலிட்டு, பெஞ்சின் விளிம்பில் வலது கையை விரித்து விரித்து வைத்து நகர்ந்துகொண்டிருந்தாள். இடது கையில் போன். வாய் எண்ணிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்ததும் எழுந்து நின்றாள்.

"நீங்களா டீச்சர்? நல்ல வேளை வந்தீங்க. எத்தனை தடவை எண்ணினாலும் தப்புத் தப்புன்னே சொல்லுது."

"என் மேல கோபமில்லையாம்மா?" என்றாள் டீச்சர்.

"எதுக்கு?"

"மழையில..."

"அன்னைக்கு நனைஞ்ச கோழியாட்டம் வந்து நின்னு அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே. அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல." அந்த அம்மா போனைத் துடைத்தாள். "காய்ச்சல்லயும் இதே பேச்சுதான். ஒண்ணே ஒண்ணு பாக்கிம்மா, பெஞ்சு மட்டும் பாக்கின்னு. அதான் டிப்போவுல டூட்டி முடிச்சுட்டு வந்து பார்க்கிறேன். முடிச்சுக் கொடுத்துடலாம்னு."

நான் மரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அழுகையை அடக்கத் தெரியாதவள் நான்.

வெயில் டீச்சர் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க சாண் பெருசும்மா. செயலி இதை அவ கைன்னு நினைக்குது. அதான் ஒத்துவரல. இங்க போய் உங்க அளவை மாத்திட்டா சரியாயிடும்" என்று சொல்லித் திரையைத் தொட்டாள். ஒரு கேள்வி எழும்பியது: பழைய அளவு அழிக்கப்படும், சரியா?

"பழசுன்னா?" என்றாள் அந்த அம்மா.

"அவளோடது."

அந்த அம்மா போனைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஐயோ, வேணாம் டீச்சர். தப்பாவே இருக்கட்டும்."

வெயில் டீச்சர் கைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். கழுத்திலிருந்த அடையாள அட்டைக் கயிற்றைக் கழற்றினாள். கயிற்றின் ஒரு நுனியை அந்த அம்மாவின் கட்டை விரலில் கட்டி, பதினாறு சென்டிமீட்டர் அளந்து, மறு பக்கத்தைச் சுண்டு விரலில் முடிந்தாள். இனி அந்தக் கையால் அதற்கு மேல் விரிய முடியாது.

அந்த அம்மா அந்தக் கையையே பார்த்தாள். "இவ்வளவுதானா?" என்றாள். "இவ்வளவுதானா இருந்தா?"

பெஞ்சின் முதல் கல்லிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். இரண்டு பேரும் முழங்காலிட்டு, அந்த அம்மா சாண் வைக்க, டீச்சர் அது முடியும் இடத்தில் விரலை ஊன்ற, ஒருத்தி எண்ண, மற்றவள் திருப்பிச் சொல்ல. இருட்டு இறங்கிவிட்டது. நான் என் போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். எண்ணைத் தட்டியதும் பச்சை வந்தது. "ஆந்தைகள், பயணம் முடிந்தது!" என்று போன் ஒரு சின்ன மணியும் அடித்தது.

போன் வரைபடத்தில் புள்ளி மறைந்தது. பேயைக் கண்டதுபோல் வெயில் டீச்சர் என்னைப் பார்த்தாள். இத்தனை நாள் அந்தப் புள்ளி வந்தபோது நடுங்கியவள், அது போனதும் நடுங்கினாள்.

அந்த அம்மா விரலில் கட்டிய கயிற்றை அவிழ்க்கவில்லை. சீருடையின் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, சர்வ சாதாரணமாகக் கேட்டாள்:

"நாளைக்கு எங்க போகணும் டீச்சர்?"

டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கடிகார கோபுரத்துப் படிம்மா. காலையில போட்டுடறேன்" என்றாள்.

போட்டாள். அடுத்த வாரம் வகுப்பையும் வெளியே கூட்டிப்போனாள். ஆந்தைகளுக்கு மட்டும் இன்னும் புதுப்புது நிறுத்தம் வந்துகொண்டே இருக்கிறது. பதிவை மூடியாச்சா என்று தலைமையாசிரியை கேட்கும்போதெல்லாம், ஆச்சு என்று நான்தான் சொல்கிறேன்.