மொட்டைக்கல் வீடு

மலையாளத்துக்காரர்களுக்கு வீடு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு பெயரும் இருந்தாக வேண்டும். வடகரப்பதிப் பக்கத்துத் தமிழர்களான எங்களுக்கு அந்த வழக்கமே கிடையாது. ஆளைச் சொன்னால் போதும், வீட்டைக் காட்டிவிடுவார்கள். கதவுக்கு மேலே பஞ்சாயத்துக்காரர்கள் அடித்த தகரத்தில் ஓர் எண் இருந்தது. வார்டைப் பிரித்தபோது அதுவும் மாறியது. பழைய தகரத்தைக் கழற்றச் சோம்பல்பட்டுப் பக்கத்திலேயே புதியதை அடித்துவிட்டுப் போனார்கள். யாராவது வீட்டு எண் கேட்டால் அப்பாவே வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது டீச்சர் எல்லோருடைய விலாசத்தையும் கேட்டு எழுதினார். "வீட்டுப்பேரு எந்தா?" என்று என்னிடம் வந்து நின்றார். "இன்னும் வைக்கலீங்க டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து நான் போட்ட ஆர்ப்பாட்டத்தில், கஞ்சிக்கோட்டு ஆலையில் வேலை முடித்து அலுத்து வந்திருந்த அப்பா, வாசல் கேட்டின் தூணில் பெயர்க்கல் மாட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரமே பளபளவென்று ஒரு கறுப்புக் கல் வந்து, நாலு திருகாணியில் தூணில் ஏறிக்கொண்டது. பெயர் முடிவானதும் கழற்றிப் பொறித்து வருவதாக ஏற்பாடு. பெயர்தான் முடிவாகவில்லை. அப்பாவுக்குத் தன் அப்பா பெயரோடு 'இல்லம்' சேர வேண்டும். அம்மாவுக்குத் தான் பிறந்த செங்காட்டுப்புதூர்தான் வேண்டும். மாமியார் ஊர்ப் பெயரை வாசலில் எழுதினால் ஊர் சிரிக்கும் என்றார் அப்பா.

"அந்த ஊருல பொண்ணெடுத்தப்பச் சிரிக்காத ஊரு இப்பத்தான் சிரிக்குமாக்கும்!" என்றாள் அம்மா.

மாதங்கள் போயின. கல் வெறுமனே மின்னிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர், பால்காரர், கேஸ் கொண்டுவருகிறவர் எல்லோரும் 'மொட்டைக்கல் ஊடு' என்று அடையாளம் சொல்லத் தொடங்கினார்கள். பார்சல்கூட அந்தப் பெயருக்கே வந்தது. எனக்குத்தான் மானம் போயிற்று. இந்தப் பெயரை எப்படி டீச்சரிடம் சொல்வது?

தம்பிக்குக் காதுகுத்து வந்தது. அன்று விடிவதற்குள் அப்பா என்னை எழுப்பிக் கேட்டுக்குக் கூட்டிப்போனார். கல்லில் 'செங்காட்டுப்புதூர்' என்று பொன்னிற எழுத்துகள்! எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. "காது குத்தி முடியற வரைக்கும் அம்மாகிட்ட மூச்சு விடக் கூடாது, அம்முணி. அவளை இந்தப் பக்கம் வர விடாதே" என்று காவல் வேலை கொடுத்தார்.

காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். பத்தரைக்குள் குத்தியாக வேண்டும். வடக்கே வேலையில் இருந்த மாமா இந்த வீட்டுக்கு வருவது அன்றுதான் முதல் தடவை. பத்து மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. சீர்த்தட்டுகளோடு வேனில் அந்த ரோட்டையே மூன்று தடவை அளந்துவிட்டாராம். "மொட்டைக்கல்லுங்கண்ணா, எழுத்தே இருக்காது, நல்லாப் பாருங்க" என்று அம்மா கத்தினாள். நான் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அப்பா திருதிருவென்று விழித்தார். மாமாவைக் கூட்டிவருகிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார். அவர் மேற்கே போக, வேன் கிழக்கிலிருந்து வந்து நின்றது.

"ஏனுங்க, ஊட்டுல யாருங்க? நம்ம செங்காட்டுப்புதூர்க்காரங்களாட்ட இருக்குது. இங்க மொட்டைக்கல் ஊடு எங்கீங்க?"

அண்ணன் குரல் கேட்டதும் அம்மா என்னைத் தள்ளிவிட்டுக் கேட்டுக்கு ஓடினாள். அவர் சொன்னது அப்புறம்தான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். மெல்லத் திரும்பித் தூணைப் பார்த்தாள். மாவு படிந்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தடவினாள். அதற்குள் அப்பாவும் வந்து சேர்ந்தார், திருடி மாட்டிக்கொண்ட பையனைப் போல.

"ஏனுங்க, ஊரு சிரிக்காதுங்களா?"

"சிரிச்சாச் சிரிக்கட்டும் போ" என்றார் அப்பா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

பத்தரைக்கு மயிரிழை முன்னால் தம்பி மாமா மடியில் வீறிட்டான். விருந்தாளிகளில் பாதிப் பேர் பந்தி முடியும் நேரத்தில்தான் வழி கண்டுபிடித்து வந்தார்கள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சாயங்காலம் அம்மா அப்பாவிடம், "அந்தக் கல்லைத் திருப்பி மாட்டிருங்க. வர்றவங்க அலையறாங்க பாருங்க" என்றாள். நான் அழுதேவிட்டேன். நாளைக்கு டீச்சரிடம் நான் என்ன சொல்வது?

"மொட்டைக்கல்லுன்னே சொல்லு கண்ணு. எனக்கு அவரு எழுதுனதே போதும்."

அப்பா திருகாணிகளைக் கழற்றி, எழுத்துகள் தூணைப் பார்க்கும்படி கல்லைத் திருப்பி மாட்டினார். இத்தனை மாதம் அந்தப் பெயருக்காக மல்லுக்கட்டியவள், அது யார் கண்ணிலும் படாமல் போன பிறகு எதற்காகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.