விடிந்ததும் மூட ஒரு திரை

இன்று கோபியில் திரைத்துணிக் கடையில் ஒரு பெண், கிழக்கு ஜன்னலுக்குக் கனமான துணி கேட்டார்.

“விடிஞ்சதும் எங்கப்பா இழுத்து மூடோணுங்க.”

“விடிஞ்சா எல்லாரும் தொறப்பாங்க அம்மணி,” என்று கடைக்காரர் சிரித்தார்.

அந்தப் பெண்ணின் அப்பா கடலோரக் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தவராம். உருப்பெருக்கியில் வெயில் விழுந்தால் காகிதம் எரியுமே, அதுபோல அங்குள்ள பெரிய லென்ஸில் வெயில் பட்டால் உள்ளே தீப்பற்றிவிடும். விடிந்ததும் அவருக்கு முதல் வேலை திரையை மூடுவதுதான்.

இரவெல்லாம் படகுகளைக் காத்த கண்ணாடியா இது என்று மலைத்துப்போனேன்.

“இப்ப லைட்ஹவுஸை மூடி, லென்ஸையும் கழட்டிட்டாங்க. சொன்னா நம்பாம, காலையில பதறிப்போறாருங்க. ஊட்டு ஜன்னலை மூடிப்போட்டா அமைதியா காப்பி குடிப்பாருங்க.”

கடைக்காரர் இருப்பதிலேயே கனமான துணியை எடுத்துப் போட்டார்.

ஜன்னலோரம் கண்ணாடிக் குடுவை இருக்கும், திரையே இல்லாத என் வீட்டை நினைத்தால்தான் இப்போது கவலை. உங்கள் வீட்டில் எப்படி?