ஏலக்காட்டு வெளுப்பு

"தவளைய அறுத்துப் படிச்சவளுக்கு மனுச ஒடம்பப் பத்தி என்னாத்தா தெரியும்?"

போடி கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மனைவி இதைக் கேட்டபோது அவள் கையில் எங்கள் வீட்டுக் காப்பி இருந்தது. தன் மகனுக்கு என் தங்கையைப் பெண் பார்க்க வந்திருந்தாள். கேள்வி எனக்கு. கேட்டுவிட்டு நிதானமாக ஒரு மிடறு குடித்தாள்.

நான் அப்போது மதுரையில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் சிலேட்டுப் பலகையைத் தொட்டதில்லை. அய்யாவும் அம்மாவும் கம்பத்துப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து விடியற்காலை ஜீப்பில் ஏறிக் குமுளிக்கு மேலே ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு பெண்களில் ஒருத்தி படிக்கலாம் என்றானபோது மூத்தவள் நான் படித்தேன். இளையவள் மலையேறினாள்.

ஏறினவள் வெளுத்தாள். "ஏலக்காட்டு நெழல்லயே நின்னு நின்னு வெள்ளக்காரி கணக்கா ஆயிட்டா" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். மரநிழலும் மலைக்குளிரும் பெண்களை வெளுக்க வைக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதே நிழலில் அய்யா மட்டும் ஏன் கருங்கட்டையாகவே இருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை, அந்த வருடத்துச் செய்முறை வகுப்பு வரை.

அந்த வகுப்பில் ஒவ்வொருத்தியும் தன் விரலைக் குத்தித் தன் ரத்தத்தையே சோதிக்க வேண்டும். குழாயிலுள்ள அமிலத்தில் ரத்தம் பழுப்பாக மாறும். பக்கத்திலிருக்கும் பழுப்புக் கண்ணாடித் துண்டின் நிறத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். மற்றவர்கள் விட்டுக்கொண்டே இருந்தார்கள். என்னுடையது சீக்கிரமே வெளிறிப்போனது. விரிவுரையாளர் அம்மா என் குழாயை வாங்கி வகுப்புக்கே தூக்கிக் காட்டினார்.

"இது ரத்தமா, வரக்காப்பியா?"

சிரிப்பு அடங்கியதும் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "செருப்புப் போட்டு வளந்தியா?" இல்லை என்றேன். "பாருங்க, கொக்கிப்புழு இப்படிப்பட்டவங்க பாதம் வழியாத்தான் ஏறும்" என்று என்னை நிற்க வைத்தே பாடம் நடத்தினார். ஈர மண்ணிலிருந்து தோலைத் துளைத்து ஏறிக் குடலைக் கவ்விக்கொண்டு தொங்கும். சாகும்வரை ரத்தம் குடிக்கும்.

அவமானத்தில் காது எரிந்தது. ஆனால் ஒரு சொல் விடாமல் கேட்டேன். கேட்கக் கேட்க என் தங்கைதான் கண் முன்னால் நின்றாள். ஜீப்பில் ஏறும்போதே அவளுக்கு மூச்சு வாங்கும். கால் விரலிடுக்கை ஓயாமல் சொறிவாள். யாரும் பார்க்காதபோது அடுப்பு மண்ணைச் சுரண்டித் தின்பாள். காலையில் முகம் ஊதியிருக்கும். அதற்கும் அம்மாவிடம் ஒரு பெயர் இருந்தது: "சதை போட்டிருக்கா."

எங்கள் தெருவில் இப்படி வெளுத்த இரண்டு பெண்கள் தலைப்பிரசவத்தில் செத்திருந்தார்கள். அழகுக்குக் கண் பட்டுவிட்டது என்று சொல்லி எரித்துவிட்டு வந்தார்கள்.

பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாளே வீட்டில் சொன்னேன். இந்த ரத்தத்தோடு கட்டிக்கொடுத்தால் இவளும் முதல் பிள்ளைக்குத் தாங்க மாட்டாள் என்றேன். அய்யா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கல்யாணம் முடியட்டும், அவுக பாத்துக்கிருவாக" என்றார்.

ஆகவே கடைக்காரர் மனைவி தங்கையின் மோவாயைத் தொட்டு, "பாலு கணக்கா இருக்கா" என்று கொஞ்சியபோது நான் எழுந்து போனேன். பட்டுச்சேலையில் குனிந்திருந்தவளின் தலையை நிமிர்த்தி, கீழ் இமையை இழுத்துப் பிடித்தேன். உள்ளே அவித்த முட்டை போல இருந்தது.

"பாலுதான் அத்தை. ரத்தந்தான் இல்ல. பாத்துக்கங்க."

அப்போதுதான் அவள் தவளையைப் பற்றிக் கேட்டாள். "படிச்ச திமிரு, மனசுல வச்சுக்கிறாதீக" என்று அம்மா இடையில் விழுந்தாள். நான் விடவில்லை. தங்கையின் கையைப் பிடித்து, குழிந்து போன நகங்களையும் காட்டினேன். அந்த அம்மாள் காப்பியை முழுக்கக் குடித்து, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். "சீக்குக் கோழிய நம்ம தலையில கட்டப் பாத்திருக்காக" என்று தெருமுனைவரை சொல்லிக்கொண்டே போனாள்.

அய்யா என்னை அடிக்கவில்லை. "ஒன்னையவும் மலைக்கே அனுப்பியிருக்கணும்" என்றார். தங்கை பட்டுச்சேலையை அவிழ்த்து மடித்துக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க்கா, ஒனக்கு அங்கன அறுக்கத் தவள கெடைக்கலயா?"

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இமையின் நிறம் எனக்காக மாறாது, அவளுக்காகவும் மாறாது. "காலையில வெளிக்கிப் போறப்ப ஒரு தீப்பெட்டியில கொஞ்சம் எடுத்துட்டு வா. காலேசுல பாக்கணும்" என்று மட்டும் சொன்னேன். அவள் காறித் துப்பினாள். ஆனாலும் மறுநாள் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் வாழைச் சருகில் சுற்றிய ஒரு தீப்பெட்டி கிடந்தது.

கல்லூரி நுண்ணோக்கியில் தேட வேண்டியிருக்கவில்லை. மெல்லிய ஓட்டுக்குள் கருவோடு, பார்த்த இடமெல்லாம் கொக்கிப்புழு முட்டைகள். விரிவுரையாளர் அம்மாவும் குனிந்து பார்த்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

அந்த வாரமே லீவு போட்டு வந்தேன். ஜீப்பில் கால் வைத்தவளைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். டிரைவர் திட்டினார், தங்கை என் மணிக்கட்டைக் கடித்தாள். அப்படியே கம்பம் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். புழுவுக்கு அங்கேயே குடிக்க மருந்து கொடுத்தார்கள். ரத்தத்துக்கு ஒரு பொட்டலம் மாத்திரை.

ஆஸ்பத்திரிக் குழாயடியில் மாத்திரையைப் பிரித்தபோதுதான் முதல்முறையாகப் பேசினாள்.

"இதத் தின்னா பழையபடி கறுத்துருவனா?"

"கறுத்துருவ."

உதட்டை இறுக்கிக்கொண்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆனால் அதற்குள் மாத்திரையை அவள் வாய்க்குள் தள்ளியிருந்தேன். தொண்டை அசைந்து அது இறங்கும்வரை தாடையைப் பிடித்த கையை எடுக்கவில்லை.