கத்தரிக்கோல் அங்கேயே இருக்கட்டும்

அவர் பிறந்தபோது போட்ட அழுகையில் தெருவிலிருந்த கைக்குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டன என்று அவருடைய அக்கா சொல்வாள். "பொறந்தப்பவே ஊரைக் கூட்டினவன்டா நீ. உனக்கு மைக் வாங்கிக் குடுத்தவன் முட்டாள்." அக்காவே அப்போது சின்னப் பிள்ளை, அவள் சொல்வதை எவ்வளவு நம்பலாமோ தெரியாது. தொண்டை என்னவோ மெய்தான். வேன் கூரையில் முன்னால் பார்த்து ஒன்று, பின்னால் பார்த்து ஒன்று என்று இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு, துணிக்கடைத் தள்ளுபடி, காணாமல் போன பிள்ளை, தண்ணீர் வராத நாள், யாரோ ஒருவரின் சாவு என்று ஊருக்குச் சேதி சொல்வதே அவர் பிழைப்பு. அதனால் எல்லோருக்கும் அவர் குழாய்க்காரர். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "இந்தக் குரலோட ஒரே வீட்ல யாருங்க இருப்பாங்க?" என்பார். கேட்டவர்களும் நியாயம்தான் என்று விட்டுவிடுவார்கள்.

ஓடுகிற வண்டியில் பேசுவது மேடையில் பேசுவது போல இல்லை. ஒரு வாக்கியம் ஒரு மூச்சுக்குள் அடங்க வேண்டும். நடுவில் அறுந்தால் இந்த வீட்டுக்குத் தலை போகும், அடுத்த வீட்டுக்கு வால் போகும். இதைப் பழகிப் பழகி, யார் எதிரில் பேசினாலும் அவர் என்ன சொல்கிறார் என்பதற்கு முன்னால் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதுதான் குழாய்க்காரர் காதில் விழும். மனிதர்களின் பெயர் மறந்தாலும் மூச்சு மறக்காது.

அவர் சுற்றுகிற வழியில் ஒரு சந்தின் கடைசியில், இரண்டாம் மாடியில் அக்கா வீடு. வேன் சத்தம் கேட்டதும் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனிக்கு வந்து நிற்பாள். வேகமாகப் பேசினால் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றைத் தட்டுவாள். மெதுவாகப் பேசு என்று அர்த்தம். எல்லாம் சரியாக இருந்தால் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். ஊரே கேட்டாலும் அந்த ஒரு பால்கனியில் தேறினால்தான் அவருக்கு அன்றைய வேலை தேறியது போல.

தொற்று வந்தது. ஊரை அடைத்தார்கள். சுகாதார அலுவலர் அரசாங்க மைக் ஒன்றையும் அச்சடித்த தாளையும் கொடுத்து, "இதுல இருக்கறதை மட்டும் சொல்லுங்க. ஒரு சொல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்றார். வெளியே வராதீர்கள். கடைகளைத் திறக்காதீர்கள். காய்ச்சல் கண்டால் தெரிவியுங்கள், மறைப்பது குற்றம். குழாய்க்காரர் சொல்லிக்கொண்டு போனார்.

தள்ளுபடிக்கு யாரும் பதில் சொன்னதில்லை. இதற்கு ஒவ்வொரு ஜன்னலும் பதில் சொன்னது. சட்டம் போட்டவர்கள் எங்கோ இருந்தார்கள். திட்டுவதற்குத் தெருவில் கிடைத்தது இவர்தான். அக்கா வீட்டுச் சந்திலேயே, பாங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் ஒருவர் வாசற்படியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு வேனை மறிப்பார்.

"என் வீட்டு வாசல்ல நான் உக்கார யாரைய்யா கேக்கணும்? இன்னைக்கு வாசல்ங்கறான், நாளைக்கு மூச்சு விடறதுக்கும் சீட்டு குடுப்பான். நீயும் குழாயைத் தூக்கிட்டு வருவே!"

எதிர் வீட்டில் கணவனைத் தொற்றுக்குப் பறிகொடுத்த தையல்காரி இருந்தாள். அவள் ஜன்னலைத் திறக்காமலேயே சொல்வாள்: "உக்காருங்க சார், நல்லா உக்காருங்க. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் உக்காந்தாரு."

பாங்கிக்காரர் அப்போதும் நாற்காலியை எடுக்க மாட்டார். வாய் மட்டும் கொஞ்ச நேரம் அடங்கும். இரண்டு பேர் சொல்வதும் குழாய்க்காரருக்கு நியாயமாகவே பட்டது. நியாயம் இரண்டாக இருந்தால் கையில் இருக்கிற தாளைப் படிப்பதுதான் சுலபம். படித்தார்.

வீட்டுக்குள் இருந்த சண்டைதான் பெரிது. அக்காவின் கணவர் சலூன் வைத்திருந்தார். கடையைப் பூட்டச் சொன்ன நாளிலிருந்து மைத்துனனைப் பார்த்தாலே அவருக்கு ஆகாது.

"ஏன் மச்சான், ஊரடங்குன்னு முடிகிட்ட சொல்லிட்டியா? அது பாட்டுக்கு வளருதே! முடிவெட்டறவன் குற்றவாளி, பூட்டச் சொல்றவன் புண்ணியவானா?"

"நான் எங்க மாமா சொல்றேன்? தாள் சொல்லுது."

"தாளுக்கு வாய் இல்லடா. உனக்கு இருக்கு."

மாமா கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு கத்தரிக்கோலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தெரிந்தவர்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் போய் வெட்ட ஆரம்பித்தார். அக்கா சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். ஒரு நாள் காலையில் அவர் தேடியபோது கத்தரிக்கோல் இல்லை. அவள் எங்கேயோ ஒளித்துவிட்டாள். பெட்டி, அலமாரி, மாவு டின் எல்லாம் கவிழ்த்துப் பார்த்தும் கிடைக்கவில்லை.

"ஊர் அடங்கட்டும், தானா வெளிய வரும்" என்றாள்.

"கைவேலைக்காரன்கிட்டருந்து ஆயுதத்தைப் பிடுங்கறது கையை வெட்டற மாதிரிடி."

"கை இருக்கட்டும். எனக்கு ஆள் வேணும்."

இதையெல்லாம் அவளே பால்கனியிலிருந்து சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு வழக்கத்தைவிடக் கொஞ்சம் குட்டையாக இருந்தது என்று அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

அடுத்த நாள் பால்கனியில் அவள் இல்லை. கொடியில் முந்தின நாள் துணியே கிடந்தது. அதற்கடுத்த நாளும் அதே துணி. குழாய்க்காரர் வேனை நிறுத்தச் சொல்லி மாடி ஏறினார். கதவைப் பாதி திறந்து மாமா நின்றார்.

"சாதாரணக் காய்ச்சல். நீ போ."

"டேய், அங்கயே நில்லு" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "நீதானே சொன்னே... எட்டி நிக்கணும்னு."

"ஆஸ்பத்திரிக்குச் சொல்லலாம்க்கா."

"சொல்லக் கூடாது. சொன்னா... இந்தச் சந்து முழுக்க... தகரம் வெச்சு அடைச்சிடுவாங்க. கீழ் வீட்டுக்காரி... எப்படி வேலைக்குப் போவா? என்னை அங்க... தனியாக் கொண்டுபோய் வெச்சிட்டா... இவருக்குச் சோறு யாரு... நாளைக்குச் சரியாயிடும்டா. சத்தியம் பண்ணு."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணினார்.

படியிறங்கும்போது அவள் சொன்னதையே மனதுக்குள் திரும்ப ஓட்டினார். வாயாடி அக்கா. சின்ன வயதில் தெருமுனையிலிருந்து வீடு வரைக்கும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டே அவரை இழுத்து வந்தவள். அவள் இப்போது பேசியதில் முழுசாக ஒரு வாக்கியம் இல்லை. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கியிருந்தாள். வேறு யாராவது கேட்டிருந்தால் அசதி என்று நினைத்திருப்பார்கள். அவர் காது அதற்கென்றே பழகிய காது, சும்மா இருக்க விடவில்லை.

வேனில் ஏறி மைக்கை எடுத்தார். 'மறைப்பது குற்றம்' என்ற இடத்தில் குரல் எழும்பவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தார். குழாய்க்காரர் மைக்கை மடியில் வைத்துவிட்டு போனை எடுத்தார்.

சாயங்காலத்துக்குள் வந்துவிட்டார்கள். உடம்பு முழுக்க மூடிய இரண்டு பேர். அக்கா தானே நடந்து படியிறங்கினாள். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தாள். சந்து முனையில் தகரத் தகடுகளோடு ஆட்கள் காத்திருந்தார்கள். பாங்கிக்காரர் நாற்காலியை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வண்டியில் ஏறுமுன் அக்கா தம்பியைத் தேடிப் பார்த்தாள். உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றை இரண்டு தட்டுத் தட்டினாள். மெதுவாகப் போ என்றாளா, அழாதே என்றாளா, போகட்டும் விடு என்றாளா? அவருக்கு இன்றுவரை தெரியாது.

தகரத்துக்கு உள்ளே அகப்பட்ட மாமா பால்கனியிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். சந்து முழுக்க ஜன்னல்கள் திறந்திருந்தன.

"கூடப் பிறந்தவளையே தின்னாச்சு. உன் குழாய்க்குப் பசி அடங்குச்சா?"

ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி விடுதியை நோயாளிகளுக்கென்று மாற்றியிருந்தார்கள். யாரும் பார்க்க முடியாது. முதலில் அக்கா போனில் பேசினாள். சாப்பாடு பரவாயில்லை, தலையணைதான் கல்லு மாதிரி என்றாள். அப்புறம் போன் எடுக்கவில்லை. சார்ஜர் கொண்டுபோகவில்லையோ, பேச முடியவில்லையோ. அலுவலகத்தில் கேட்டால், "இருக்காங்க" என்று ஒரு சொல் பதிலாக வரும்.

அப்படி ஒரு காலையில் மாமாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. திட்டு வாங்கத் தயாராக எடுத்தார்.

"மச்சான்."

"சொல்லுங்க மாமா."

"உன் வண்டி அந்த விடுதிப் பக்கம் போகுமில்ல?"

"மதில் ஓரமாப் போகும்."

"அவகிட்ட ஒண்ணு சொல்லணும்டா. எனக்கு அவ்ளோ தூரம் குரல் எட்டாது. கத்தரிக்கோல் எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும்னு சொல்லு. நான் தேடலன்னு சொல்லு. நான்தான் வீடு வீடாப் போயி அந்தக் காய்ச்சலைக் கொண்டுவந்து அவளுக்குக் குடுத்துட்டேன்னு நினைக்கறேன். அதைச் சொல்லாதே. கத்தரிக்கோலை மட்டும் சொல்லு."

தாளில் இருப்பதற்கு மேல் ஒரு சொல் கூடாது. சொன்னால் பிழைப்பு போகும். விடுதி மதில் வந்ததும் குழாய்க்காரர் வண்டியை நிறுத்தச் சொன்னார். குழாயின் அடியிலேயே உட்கார்ந்து காது பாதி போன டிரைவர், "என்ன?" என்றார். இவர் கையால் சாவியைக் காட்டினார். எஞ்சின் அணைந்தது. தாளை மடித்து இருக்கைக்கு அடியில் வைத்தார்.

"அக்கா. நான்தான். மாமா சொல்லச் சொன்னாரு. கத்தரிக்கோல் இருக்கற இடத்துலயே இருக்கட்டுமாம். அவர் தேடலையாம். இனிமே தேட மாட்டாராம். நீ வந்து எடுத்துக் குடுத்தாப் போதுமாம். சாப்பிடறாரு. கீழ் வீட்டுக்காரியும் நல்லா இருக்கா. உன்மேல யாருக்கும் கோபம் இல்லக்கா."

ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு மூச்சுக்குள் முடித்தார். முன்பக்க ஜன்னல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். யார் யாரோ கையை ஆட்டினார்கள். ஒரு கிழவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி எதையோ கத்தினார், அவர் வீட்டுக்கும் ஏதோ சொல்லவேண்டும் போல. கேட்கவில்லை. அவர்கள் பக்கம் குழாய் இல்லை, குழாய் இருந்த பக்கம் காது எட்டவில்லை. இரண்டு முறை திரும்பச் சொன்னார். காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தான்.

மறுநாளே மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, குழாய்களையும் கழற்றிவிட்டார்கள். "உங்க வீட்டுக் கத்தரிக்கோலைப் பத்திப் பேச அரசாங்க மைக்கா கிடைச்சுது?" என்று அலுவலர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. களைத்துப்போயிருந்தார். சந்தில் அதைப் பற்றியும் வாதம் நடந்ததாம். "அவனும் மனுஷன்தானே" என்றாராம் பாங்கிக்காரர். "எனக்கு அந்தக் குழாய் கிடைச்சிருந்தா நானும் கத்தியிருப்பேன்" என்றாளாம் தையல்காரி. அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அந்த வாரமே அக்கா போய்விட்டாள். உடலைத் தரவில்லை. இவரை மட்டும் தூரத்தில் நிற்க வைத்து, மூடிக் கட்டிய ஒன்றைக் காட்டினார்கள். ஊரில் எத்தனையோ சாவுகளுக்குச் சேதி சொன்னவர், இந்தச் சாவை யாருக்கும் சொல்லவில்லை. சொல்லக் குழாயும் இல்லை. மாமா தகரத்துக்கு அந்தப் பக்கமும் இவர் இந்தப் பக்கமுமாக அழுதார்கள். அப்போதும் மாமா, "வீட்ல இருந்திருந்தா கையையாவது பிடிச்சிருப்பேன்டா" என்றார். விட்டிருந்தால் பிழைத்திருப்பாளா, சொன்னதால் நாலு நாள் கூட இருந்தாளா என்று குழாய்க்காரர் தனக்குள் நடத்துகிற விவாதத்தை எந்த ஜன்னலும் தீர்த்துவைக்கவில்லை.

ஊர் திறந்தது. அக்காவின் புடவையையும் செருப்பையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தவள் விடுதியில் துப்புரவு வேலை பார்த்தவள். முதலில் குழாய்க்காரர் வீட்டுக்குத்தான் வந்தாள்.

"அவங்க எந்தப் பக்கம்மா படுத்திருந்தாங்க?"

"பின்பக்கங்க. கடைசி ரூம். ஜன்னலையெல்லாம் அடைச்சு மெஷின் வெச்சிருந்தாங்க. இரைச்சல்னா அப்படி ஒரு இரைச்சல், பக்கத்துல பேசினாக்கூடக் கேக்காது." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க?"

"ஒண்ணுமில்லம்மா. மாமாகிட்டயும் ஒரு எட்டு போய்ட்டு வந்துடுங்க. பை அவருக்குத்தான்."

அதற்குப் பிறகு பல நாள் கழித்துத்தான் சலூனுக்குப் போனார். தலைமுடி கழுத்தை மூடியிருந்தது, வேறு யாரிடமும் தலையைக் கொடுக்க மனம் வரவில்லை. கடையில் ஆளில்லை. மாமா நாற்காலியைத் துணியால் தட்டினார். உட்கார்ந்தார். கழுத்தைச் சுற்றித் துணி விழுந்தது. கண்ணாடியில் இரண்டு பேருக்குமே வயதாகியிருந்தது.

பாதி வெட்டியபோது மாமா, கண்ணாடியைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ அன்னைக்குச் சொன்னது அவளுக்குக் கேட்டுச்சாம். அந்தத் துப்புரவுப் பொம்பள சொல்லிச்சு. ஜன்னல் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டாளாம்."

குழாய்க்காரர் அந்த அடைத்த ஜன்னலை நினைத்துக்கொண்டார். மாமா அந்த வாக்கியங்களைச் சொல்லும்போது மூச்சு இரண்டு இடத்தில் இடறியிருந்தது.

"ஆமா மாமா" என்றார். "எங்கிட்டயும் அந்தம்மா அப்படித்தான் சொன்னாங்க."

கத்தரிக்கோல் சத்தம் மறுபடி கேட்டது. அது பழைய சத்தமாக இல்லை. ஏதோ பிசிறு, கைக்கு இன்னும் பழகாத கூர்மை. குழாய்க்காரர் கண்ணாடி வழியாக மாமாவின் கையைப் பார்த்தார்.

"புதுசு" என்றார் மாமா. "அது அங்கயேதான் இருக்கு. எங்கன்னு தெரியாது. தலையைக் குனி."